நாவில் முடிச்சு, நெஞ்சில் உறுதி



படித்துப் பட்டம் பெற்ற பிள்ளை ஒருவன் வீட்டில் இருக்கின்றான். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியிருக்கின்றான். நேர்முகத் தேர்வுக்கு வருமாறு அழைப்பு வருகின்றது. வீடே மகிழ வேண்டிய அந்த வேளையில் அவன் முகம் மட்டும் வாடிவிடுகின்றது. அவனுக்கு நாத் திக்கும் என்பதே காரணம். தன் பெயரைச் சொல்லத் தொடங்கும்போதே முதலெழுத்தில் தடுமாறி நிற்பவன், முன்பின் அறியாத நால்வர் எதிரே அமர்ந்து எவ்வாறு விடையளிப்பான்? அழைப்பை மடித்து வைத்துவிட்டு, போகாமலேயே இருந்துவிடலாமா என்று எண்ணுகின்றான். பெற்றோரும் அவனை வற்புறுத்த மனமின்றி வாளாவிருந்துவிடுகின்றனர்.

அத்தகைய மகனோ மகளோ உங்கள் இல்லத்தில் இருக்கலாம். உற்றார் இல்லத்தில் இருக்கலாம். அவர்களுக்காகவே இன்று ஒரு பெரியாரின் வாழ்வை நினைவூட்டுகின்றோம். அது நீங்கள் அறியாத வரலாறு அன்று. திருக்குர்ஆனில் வேறெந்த நபியின் பெயரினும் மிகுதியாக, 136 இடங்களில் பெயர் கூறப்பெற்ற நபி மூஸா (அலை) அவர்களின் வரலாறே அது. கைத்தடி பாம்பானதையும் கடல் பிளந்ததையும் நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றோம். அவ்வரலாற்றின் நடுவே, நாவில் முடிச்சுடைய ஒருவர் மூன்று முறை பிறர் முன்னிலையில் நின்று பேச நேர்ந்ததைச் சிறிது நின்று நோக்குங்கள்.

நாவில் விழுந்த முடிச்சு

மிஸ்ரு நாட்டை ஆண்ட பிர்அவ்ன், பனூ இஸ்ராயீல்களின் ஆண் குழந்தைகளைக் கொன்று வந்த காலம் அது. இறைவன் உள்ளத்தில் உதிக்கச் செய்தவாறு, அன்னை தம் சேயைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டார். எவன் கைக்கு அஞ்சி ஆற்றில் விடப்பட்டதோ அவன் மாளிகைக்கே அக்குழந்தை சென்று சேர்ந்தது. பிர்அவ்னின் மனைவியார் அதனைத் தம் கண்குளிர்ச்சியாக ஏற்றார். தமக்கையின் மதிநுட்பத்தால், பாலூட்டும் பேறு பெற்ற தாய்க்கே மீண்டும் கிட்டிற்று.

நாவின் முடிச்சு எப்போது விழுந்தது என்பதைத் திருமறை கூறவில்லை. முடிச்சு இருந்ததை மட்டுமே கூறுகின்றது. உரையாசிரியர்கள் ஒரு செய்தியைச் சொல்வர். மழலைப் பருவத்தில் மூஸா (அலை) அவர்கள் பிர்அவ்னின் தாடியைப் பற்றி இழுக்க, அவன் ஐயமும் சினமும் கொண்டான். ஒன்றுமறியாக் குழந்தை என மெய்ப்பிப்பதற்காக, ஒளிரும் மணியையும் நெருப்புக் கங்கையும் அதன்முன் வைத்தனர். குழந்தை கங்கை எடுத்து வாயிலிட, நாவு சுட்டுப் பேச்சில் தடை ஏற்பட்டது என்பது அச்செய்தி.

நம் பிள்ளைகளின் திக்கலுக்குக் காரணம் யாது? பிள்ளை அச்சமுற்றதால் வந்தது என்றும், வளர்ப்பின் குறை என்றும், எவரையோ பார்த்துப் பழகியது என்றும் ஊரார் பேசுவர். அவற்றுள் எதையும் இன்றைய மருத்துவ அறிவு ஏற்பதில்லை. பரம்பரைக் கூறும், மூளை பேச்சை இயக்கும் முறையில் உள்ள வேறுபாடுமே பெரும்பாலும் காரணம் என்று அது கண்டிருக்கின்றது. குழந்தைகளுள் 100 பேருக்கு ஏறத்தாழ 5 பேரிடம் திக்கல் தோன்றுகின்றது. அவர்களுள் பெரும்பாலோர் வளருங்கால் தேறிவிடுகின்றனர். வளர்ந்தோரில் 100 பேருக்கு ஒருவர் அளவில் அது நிலைத்துவிடுகின்றது. பெண்களைவிட ஆண்களிடமே மிகுதி. ஆகவே, உங்கள் பிள்ளை தனியன் அல்லன். அறிவுக் குறைவோ கோழைத்தனமோ அவனைத் திக்க வைக்கவில்லை. தாய் தந்தையர் மீது பழி சொல்லவும் இடமில்லை.

முதல் சந்திப்பு: மத்யனில்

வாலிபராகிய மூஸா (அலை) அவர்கள், சண்டையிட்ட இருவரிடையே புகுந்து ஒருவனைக் குத்த, எதிர்பாராத வகையில் அவன் மாண்டான். இறைவனிடம் பிழை பொறுக்க வேண்டினார்கள். ஆயினும் தலைவர்கள் கொலை செய்யச் சூழ்வதாக ஒருவர் ஓடிவந்து எச்சரிக்க, நாட்டை விட்டு நீங்கினார்கள். மத்யனின் நீர்த்துறையை அடைந்தபோது கையில் பொருளில்லை, அறிந்தவர் எவருமில்லை, தங்க இடமுமில்லை.

அங்கே ஆயர்கள் தத்தம் மந்தைகளுக்கு நீர் காட்டிக்கொண்டிருந்தனர். இரு நங்கையர் தம் ஆடுகளைத் தடுத்து ஒதுங்கி நின்றனர். தந்தை முதியவராகையால் தாமே வந்ததாகவும், ஆயர்கள் அகன்ற பின்னரே தாம் நீர் காட்ட முடியும் எனவும் அவர்கள் கூறினர். மூஸா (அலை) அவர்கள் மறுபேச்சின்றி அவர்களுடைய ஆடுகளுக்கு நீர் காட்டினார்கள். பின்னர் நிழலில் ஒதுங்கி, இறைவன் அருளும் எந்த நன்மைக்கும் தாம் தேவையுடையவராய் இருப்பதை அவனிடமே முறையிட்டார்கள்.

சற்று நேரத்தில் அந்நங்கையருள் ஒருவர் நாணத்துடன் நடந்து வந்து, தம் தந்தை அழைப்பதாகக் கூறினார். சென்றார்கள். முதியவர் எதிரே அமர்ந்து தம் வரலாற்றை எடுத்துரைத்தார்கள். வேற்று நாட்டில் வேலையின்றி நிற்கும் ஒருவர், தம்மைத் தேடி அரசப்படை அலைகின்றது என்பதை மறைத்துவிடத்தான் நினைப்பார். மூஸா (அலை) அவர்களோ நடந்ததைச் சொன்னார்கள். முதியவர் பொறுமையுடன் கேட்டு, இனி அஞ்ச வேண்டுவதில்லை எனத் தேற்றினார்.

அப்போதுதான் அந்நங்கையருள் ஒருவர், இவரைப் பணிக்கு அமர்த்துமாறு தந்தையிடம் பரிந்துரைத்தார். பணிக்கு அமர்த்தத் தக்கவருள் சிறந்தவர் வலிமையும் நம்பகமும் உடையவரே என்று காரணமும் காட்டினார். வாசகர்களே, திருமறை எடுத்துச் சொல்லும் வேலைத் தேர்வு இது. இதிலே கேட்கப்பட்ட தகுதிகள் இரண்டு. பணியைச் செய்யும் ஆற்றல் ஒன்று. நம்பி ஒப்படைக்கத்தக்க நேர்மை மற்றொன்று. தடையின்றிப் பேசும் வன்மை அப்பட்டியலில் இல்லை. கிணற்றடியில் அவர்கள் செய்த செயலே நற்சான்றாக முன்வந்து நின்றது. 8 ஆண்டுப் பணி என்றும், விரும்பினால் 10 ஆண்டு நிறைவு செய்யலாம் என்றும், தம் மகளை மணமுடித்துத் தருவதாகவும் முதியவர் உடன்படிக்கை செய்தார். இரண்டில் நீண்ட தவணையையே அன்னார் நிறைவு செய்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

இரண்டாம் சந்திப்பு: துவாப் பள்ளத்தாக்கில்

தவணை முடிந்து குடும்பத்துடன் திரும்பும் வழியில், தூர் மலையின் பக்கம் நெருப்பொன்று தென்பட்டது. ஒரு கொள்ளியாவது கொண்டுவரலாம், வழியாவது அறிந்து வரலாம் என்று சென்றவர்களுக்கு நபித்துவம் காத்திருந்தது. காலணிகளைக் கழற்றுமாறு கட்டளை வந்தது. பின்னர், வலக்கையில் இருப்பது யாது என இறைவன் வினவினான்.

யாவும் அறிந்தவன் அறியாமலா கேட்டான்? புதிய இடத்தில் திகைத்து நிற்பவரின் அச்சத்தைத் தணித்து நெருக்கம் உண்டாக்கவே அவ்வாறு கேட்டான் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். கேட்டதும் கடினமான பொருள் பற்றி அன்று. 10 ஆண்டுகள் ஆடு மேய்த்த கையில் பழகிய தடியைப் பற்றி. மூஸா (அலை) அவர்கள் கைத்தடி என்று சொன்னதோடு நிற்கவில்லை. அதில் சாய்ந்துகொள்வதையும், ஆடுகளுக்கு இலை உதிர்ப்பதையும், வேறு பயன்கள் அதில் உண்டென்பதையும் விரித்துரைத்தார்கள். நாவில் முடிச்சுடையவர் கேட்டதற்கு மேலும் பேசினார்கள்! அன்போடு கேட்பவர் முன்னிலையில் நாவு தளர்வு பெறும் என்பதை இதனால் உணரலாம். பிறரைத் தேர்வு செய்யும் இருக்கையில் அமரும் வாய்ப்பு உங்களுக்கு அமைந்தால், எளிய, பழகிய ஒன்றைக் கேட்டுத் தொடங்குங்கள். எதிரில் இருப்பவரின் நெஞ்சப் படபடப்பு அடங்கட்டும்.

பின்னர், பிர்அவ்னிடம் செல்லுமாறு ஆணை பிறந்தது. எந்த அரண்மனையிலிருந்து தப்பி ஓடினார்களோ, அங்கேயே திரும்பிச் சென்று பேச வேண்டும். இறைவனின் திருமுன் மூஸா (அலை) அவர்கள் தம் குறையை மறைக்கவில்லை. தம் நெஞ்சம் நெருக்கடிக்கு உள்ளாகும் என்றார்கள். நாவு இயல்பாக ஓடாது என்றார்கள். தம்மீது குற்றச்சாட்டு ஒன்று இருப்பதையும் சொன்னார்கள். சொன்னதோடு அமையாமல் வேண்டியதைக் கேட்டார்கள். தம் நெஞ்சத்தை விரிவாக்கவும், பணியை எளிதாக்கவும், தம் பேச்சைப் பிறர் விளங்கிக்கொள்ளும் வண்ணம் நாவின் முடிச்சை அவிழ்க்கவும், தம் குடும்பத்திலிருந்தே தமையனார் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாக அளிக்கவும் இறைஞ்சினார்கள். அனைத்தும் வழங்கப்பட்டன.

இவ்வேண்டுதலின் வரிசையை உற்று நோக்குங்கள். நெஞ்சம் முதலில் வந்தது. நாவு பின்னர் வந்தது. நாவைப் பற்றிக் கேட்டதும், கேட்போர் விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தோடுதான். பேச்சில் புகழ் பெற வேண்டும் என்று கேட்கவில்லை. ஹிஜ்ரி 774-ல் மறைந்த பேரறிஞர் இப்னு கஸீர் அவர்கள் தம் விரிவுரையில், முடிச்சு முழுவதும் நீங்க வேண்டும் என்று மூஸா (அலை) கேட்கவில்லை, தேவையான அளவே கேட்டார்கள் என்று எடுத்துக்காட்டுகின்றார்கள். திக்குவோர் பலர், திக்கல் அடியோடு ஒழிந்த பின்னரே வெளியே வருவோம் எனக் காத்திருந்து, ஆண்டுகளை இழந்துவிடுகின்றனர். விளங்கும்படி சொன்னால் போதும் என்பதே நபி மூஸா (அலை) அவர்கள் நமக்கு வகுத்துத் தந்த அளவு.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஹாரூன் (அலை) தம்மைவிடத் தெளிவாகப் பேசுபவர் என்பதை மூஸா (அலை) அவர்களே மனம் திறந்து கூறினார்கள். பேச்சு வன்மைதான் பணிக்குரிய தலையாய தகுதியென்றால், ஹாரூன் (அலை) தலைவராகவும் மூஸா (அலை) துணைவராகவும் ஆக்கப்பட்டிருப்பர். அவ்வாறு நடக்கவில்லை. நாவன்மை துணையாக நின்றது. பொறுப்பு, முடிச்சுடைய நாவினரிடமே இருந்தது.

மூன்றாம் சந்திப்பு: பிர்அவ்னின் அவையில்

அவை கூடியிருக்கின்றது. அரசன் வினாத் தொடுக்கின்றான். தமையனார் அருகிலேயே இருந்தும், விடையளிப்பவர் மூஸா (அலை) அவர்கள்தாம். பிர்அவ்ன் முதலில் பழைய கதையைக் கிளறினான். குழந்தையாய்த் தன் வீட்டில் வளர்ந்ததையும், பின்னர் செய்த கொலையையும் சுட்டிக்காட்டினான். மூஸா (அலை) அவர்கள் அச்செயலை மறுக்கவில்லை. தவறிச் செய்ததையும், அஞ்சி ஓடியதையும், அதன்பின் இறைவன் தமக்கு ஞானம் அளித்ததையும் சொல்லி, ஓர் இனத்தையே அடிமைப்படுத்தி வைத்திருப்பதா தமக்குச் செய்த உபகாரம் என்று திருப்பிக் கேட்டார்கள்.

அகிலத்தாரின் இறைவன் யார் என்று அவன் கேட்டான். வானங்களுக்கும் பூமிக்கும் இறைவன் என்று விடை வந்தது. அவையோரைப் பார்த்து அவன் ஏளனம் செய்தான். அவர்களுக்கும் அவர்களின் முன்னோருக்கும் இறைவன் என்று அடுத்த விடை வந்தது. இவருக்குப் பித்துப் பிடித்திருக்கின்றது என்றான். கிழக்குக்கும் மேற்குக்கும் இறைவன் என்று மூன்றாம் விடை வந்தது. விடைகள் யாவும் சிறிய வாக்கியங்கள். ஏளனத்துக்கு மறுமொழி சொல்ல ஒரு சொல்லையும் அவர்கள் செலவிடவில்லை. கேட்கப்பட்ட வினாவை விட்டு விலகவுமில்லை.

விடை சொல்ல இயலாதவன் இறுதியில் எதைப் பற்றிக்கொண்டான் தெரியுமா? நாவைத்தான். தன் ஆட்சியையும் தன் காலடியில் ஓடும் ஆறுகளையும் காட்டி, தெளிவாகப் பேசவும் இயலாத இந்த எளியவரைவிடத் தான் மேலானவன் அன்றோ என மக்களிடம் இறுமாந்தான். இவருக்குப் பொற்காப்புகள் அணிவிக்கப்படாதது ஏன் என்றும் கேட்டான். பேச்சின் தடையைக் காட்டி ஒருவரை இழிவுபடுத்தும் வழக்கம் திருமறையில் யாருடைய வாயில் இடம்பெற்றிருக்கின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திக்குபவரைப் போல் பேசிக்காட்டிச் சிரிப்போர், தாம் யாருடைய வரிசையில் நிற்கின்றோம் என்று சிந்திக்கட்டும்.

அச்சம் எழுவது இழுக்கன்று என்பதற்கும் இவ்வரலாற்றில் சான்றுண்டு. திருவிழா நாளின் முற்பகலில், மக்கள் திரளின் நடுவே சூனியக்காரர்களின் கயிறுகள் நெளிந்தபோது, மூஸா (அலை) அவர்களின் உள்ளத்தில் அச்சம் தோன்றியதைத் திருமறை மறைக்காமல் கூறுகின்றது. அவர்கள் களத்தை விட்டு அகலவில்லை. இறை ஆணைப்படி கையிலிருந்த தடியை எறிந்தார்கள். பின்னொரு நாள், முன்னே கடலும் பின்னே படையுமாக மக்கள் கதறியபோது, தம் இறைவன் தம்முடன் இருக்கின்றான், வழிகாட்டுவான் என்ற உறுதிமொழி அதே நாவிலிருந்து பிறந்தது. அஞ்சி அஞ்சியே அடியெடுத்து வைத்தவர்கள், பிறர் அச்சத்தைப் போக்கும் நிலையை எய்தினார்கள்.

நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் தம்பி, தங்கையருக்கு

மூஸா (அலை) அவர்களின் வழி உங்களுக்கும் திறந்தே இருக்கின்றது. நெஞ்சம் விரிய வேண்டி இறைஞ்சிய பின்னர், உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டுவனவும் உள.

அறைக்குள் நுழைந்து ஸலாமோ வணக்கமோ கூறி அமர்ந்ததும், உங்களுக்குத் திக்கல் உண்டென்பதையும், விடை கூறச் சற்றுக் கூடுதலாக நேரம் ஆகலாம் என்பதையும் நீங்களே அமைதியாகச் சொல்லிவிடுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டா. மறைக்க முயலுந்தோறும் நெஞ்சின் இறுக்கம் கூடும்; நாவின் இறுக்கமும் உடன் கூடும். சொல்லிவிட்டால் உங்கள் சுமையும் குறையும். எதிரில் இருப்போரின் குழப்பமும் தீரும்.

மெதுவாகப் பேசுங்கள். நம் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பேசினால், எண்ண விரும்புபவர் சொற்களை எண்ணிவிடலாம் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். நிறுத்தி நிதானமாகப் பேசுவது குறையுமன்று. நம் நாயகத்தின் நடைமுறை அது. திக்கும் சொல்லுக்கு அஞ்சி வேறு சொல்லைத் தேடி அலைய வேண்டா. சொல்ல நினைத்ததையே சொல்லி முடியுங்கள். விடைகள் குறுகியனவாக இருக்கட்டும்.

தன்னைப் பற்றிக் கூறுதல், படிப்பு, செய்த பணி, இவ்வேலையை விரும்பும் காரணம் ஆகிய வினாக்கள் பெரும்பாலும் வருவனவே. அவற்றுக்கு வாய்விட்டு விடை சொல்லிப் பழகுங்கள். தமையனோ தமக்கையோ தேர்வாளராக எதிரே அமரட்டும். மூஸா (அலை) அவர்களுக்கு ஹாரூன் (அலை) துணை நின்றதுபோல், வீட்டில் ஒருவர் உங்களுக்குத் துணை நிற்கட்டும். பேச்சுப் பயிற்சி வல்லுநரை நாடுவதற்கும் வெட்கப்பட வேண்டா. துணை தேடுதல் நபிமார் வழி. மத்யனில் செயலே சான்றாக நின்றதை நினைவிற்கொண்டு, நீங்கள் செய்து முடித்த வேலைகளின் சான்றுகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை திக்கும்போது அவனுடைய வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். மூச்சை இழுத்துவிட்டுப் பேசு என்று அதட்டாதீர்கள். அந்த முதியவர் மூஸா (அலை) அவர்களின் கதையை முழுவதும் கேட்டதுபோல், முடியும்வரை அவன் முகம் பார்த்துக் கேளுங்கள். ராகத்தோடு ஓதும்போதும், பலரோடு சேர்ந்து ஓதும்போதும் திக்குபவர் பெரும்பாலும் தடையின்றி ஓதுவதைக் காணலாம். அந்த வாய்ப்பை அவனுக்கு மறுக்காதீர்கள். தனித்து ஓதுகையில் தடுமாறினாலும் கவலை வேண்டா. குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமத்துடன் ஓதுபவருக்கு இரு மடங்கு நற்கூலி உண்டென நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கின்றார்கள்.

ஒரே தேர்வில் வேலை கிடைத்துவிடும் என்று யாம் சொல்லவில்லை. பிர்அவ்னின் அவையில் மூஸா (அலை) அவர்களின் சொல்லையும் அவன் ஏற்கவில்லை. ஆயினும் அவர்கள் மீண்டும் மீண்டும் சென்றார்கள்.

அந்நபியை முஸ்லிம் உலகம் எப்பெயரால் அழைக்கின்றது? கலீமுல்லாஹ். இறைவனோடு உரையாடியவர் என்பது அதன் பொருள். நாவில் முடிச்சுடையவராய் நின்றவருக்குப் பேச்சினாலேயே பட்டம் கிடைத்தது! மிஃராஜ் இரவில் நம் நபி (ஸல்) அவர்களுக்கு 50 வேளைத் தொழுகை கடமையாக்கப்பட்டபோது, இறைவனிடம் திரும்பிச் சென்று குறைத்துக் கேட்குமாறு அறிவுரை சொல்லியவர்களும் அவர்களே. அது 5 வேளையாகக் குறைக்கப்பட்டது. இன்று ஜும்ஆவுக்குச் செல்லும்போதும், நாள்தோறும் ஐவேளை கைகட்டி நிற்கும்போதும், அவர்கள் பேசிய பேச்சின் பயனை நாம் துய்த்துக்கொண்டிருக்கின்றோம்.

மடித்து வைத்த அழைப்பை எடுத்துப் பிரித்துப் பாருங்கள், பிள்ளைகளே. குறித்த நாளில், குறித்த நேரத்தில் சென்று அமருங்கள். உங்கள் நெஞ்சங்களை விரிவாக்கி, பணிகளை எளிதாக்கி, கேட்போர் விளங்கிக்கொள்ளும் வண்ணம் உங்கள் நாவுகளுக்கு வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன்.